கை சரியாகிவிட்டது, கணக்கு ஏன் தடுமாறுகிறது?
சிறு பக்கவாதத்துக்குப் பிறகு வரும் மறதியும் மந்தமும்: நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு செய்யவேண்டிய உடற்பயிற்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை கை கால்களைப் பற்றியவை அல்ல. “நடக்கிறார், சாப்பிடுகிறார், ஆனால் பழைய மனிதராக இல்லை” என்ற வரி ஏதேனும் ஒரு வடிவில் பல கடிதங்களில் இருந்தது. மருத்துவமனையில் நாங்கள் போதிய நேரம் ஒதுக்கிப் பேசாத விஷயம் இது என்பதால், இந்த இதழின் பக்கங்களை அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி): என் கணவருக்கு வயது 58. மின்சாதனக் கடை நடத்துகிறார். நான்கு மாதங்களுக்கு முன்பு ஒருநாள் காலையில் வலது கை மரத்துப்போய், பேச்சு குழறியது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையின் உட்பகுதியில் சிறிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டிருக்கிறது என்றார்கள். நான்காம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை இப்போது முழுமையாகத் தேறிவிட்டது. ஆனால் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே பில் போட அவரால் முடியவில்லை. ஜிஎஸ்டி கணக்கை மகன்தான் பார்க்கிறான். எதைக் கேட்டாலும் சற்று நேரம் கழித்தே பதில் வருகிறது. மறுபடி கேட்டால் எரிந்து விழுகிறார். மறுபரிசோதனையில் எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்து சோம்பலுக்குப் பழகிவிட்டார் என்கிறார்கள் உறவினர்கள். உண்மையில் என்ன நடக்கிறது?

பதில்: சகோதரி, அவர் முன்பைவிட அதிகமாகவே உழைத்துக்கொண்டிருக்கிறார் என்று உங்கள் உறவினர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். முன்பு யோசிக்காமலே நடந்துவந்த வேலையை இப்போது ஒவ்வொரு படியிலும் யோசித்துச் செய்ய வேண்டியிருப்பதால் அவர் மதியத்துக்குள் களைத்துப்போகிறார். களைத்திருப்பவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டால் எரிச்சல்தான் வரும்.

மறுபரிசோதனையில் நார்மல் என்று சொன்னவர் தாம் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார். பக்கவாதத்தின் கடுமையை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதன் மதிப்பெண் 0 முதல் 42 வரை. 3 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் சிறு பக்கவாதம் என்று பொதுவாக வகைப்படுத்துகிறோம். கையைத் தூக்கிப் பிடிக்க முடிகிறதா, முகம் கோணுகிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா, இது எந்த மாதம் என்று சொல்ல முடிகிறதா என்றெல்லாம் அந்த அளவுகோல் பார்க்கிறது. இரண்டு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்ய முடிகிறதா, ஒரு வேலையின் படிகளை மனத்துக்குள் வரிசைப்படுத்த முடிகிறதா என்று அது பார்ப்பதே இல்லை. ஆகவே பூஜ்யம் மதிப்பெண்ணுடன் வீட்டுக்குப் போன ஒருவர் அடுத்த வாரமே கடையில் திணறினால் அதில் முரண்பாடு ஏதுமில்லை. ‘சிறு’ என்பது கை கால்களையும் பேச்சையும் பார்த்து வைத்த பெயர். கல்லாவில் உட்கார்ந்து நான்கு பேருக்குப் பதில் சொல்லும் மூளைக்கு அது சிறியதுதானா என்று யாரும் பார்த்து அப்பெயரை வைக்கவில்லை.

மூளையின் பெரிய ரத்தக்குழாய்களிலிருந்து நூல் போன்ற கிளைகள் பிரிந்து மூளையின் ஆழத்துக்குச் செல்கின்றன. ஆற்றுப் பாசனத்தில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேர்வதைப் போல, ஆழத்தில் நரம்பிழைகள் நிறைந்திருக்கும் வெண்பொருள் என்ற பகுதிக்கு இந்தக் கிளைகளின் கடைசியில்தான் ரத்தம் கிடைக்கிறது. பல ஆண்டுகள் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இக்கிளைகளின் சுவரைத் தடிக்கச் செய்கின்றன; வாய்க்கால் தூர்ந்தால் முதலில் காய்வது கடைமடைதான். இப்படி ஒரு கிளை அடைபடும்போது உண்டாகும் சிதைவின் விட்டம் பெரும்பாலும் 15 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆனால் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையை மற்றப் பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகள் நெருக்கியடித்துக்கொண்டு போகும் பாதையில் அது விழுந்துவிடுகிறது. திட்டமிடுதல், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல், சட்டென்று முடிவெடுத்தல் ஆகியவை இந்த இழைகளை நம்பி நடப்பவை. அதனால்தான் பழைய கதைகளை அவர் துல்லியமாகச் சொல்வார், உங்கள் திருமண நாளையும் மறந்திருக்க மாட்டார். ஆனால் போனில் ஒருவர், எதிரில் ஒருவர், கையில் பில் புத்தகம் என்று மூன்றும் சேரும்போது தடுமாறுவார்.

இனி செய்ய வேண்டியவை. முதலாவதாக, நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் முறையாகச் சோதிக்க வேண்டும் என்று நரம்பியல் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் விடுபட்டுவிடுகிறது. அத்துடன் பக்கவாதத்தோடு சேர்ந்து மந்தத்தைக் கூட்டும் வேறு காரணங்களையும் தேட வேண்டும். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு ஆகிய இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம். சர்க்கரைக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குப் பி12 குறைவது சகஜம். தூக்கத்துக்காக எடுக்கும் அல்ப்ரசோலம் போன்ற மாத்திரைகளும், கடையில் கேட்டு வாங்கும் சில சளி மாத்திரைகளும் மூளையை மந்தப்படுத்தும். அவர் உரக்கக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி விழிக்கிறாரா என்பதை நீங்கள்தான் கவனித்துச் சொல்ல முடியும். உறக்கத்தில் மூச்சு தடைபடும் இந்தக் கோளாறு பக்கவாதம் வந்தவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. பகல் முழுவதும் மூளையை அது மங்கவைக்கும்.

இரண்டாவதாக, கடைக்கு அவர் போகட்டும்; போவதை நிறுத்த வேண்டாம். ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். பில் போடும்போது போனை வேறொருவர் எடுக்கட்டும், தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும். கணக்கு பார்ப்பதைக் காலை முதல் இரண்டு மணி நேரத்தில் வைத்துக்கொள்ளட்டும்; மதிய உணவுக்குப் பின் அரை மணி ஓய்வு வேண்டும். ஜிஎஸ்டி கணக்கை மகன் முழுவதும் எடுத்துக்கொள்வதைவிட, அவர் போட்டு மகன் சரிபார்ப்பது நல்லது. அவரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பத்து வினாடி பொறுங்கள். பதில் வந்துகொண்டிருக்கும்போதே மறுபடி கேட்டால் பாதி வழி வந்த எண்ணம் கலைந்துவிடும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன் பிறகும் ஓராண்டு வரை மெல்லத் தொடரும் என்பதால், நான்காம் மாதத்தில் நீங்கள் எழுதியிருப்பது நல்ல நேரத்தில்தான்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகர்): 71 வயதான என் தந்தைக்குச் சென்ற ஆண்டு முகம் கோணி, இருபது நிமிடங்களில் தானாகச் சரியாகிவிட்டது. மினி ஸ்ட்ரோக் என்றார்கள். இப்போது பெயர்களை மறக்கிறார். இது அல்சைமர் நோயா? படிப்படியாக எங்களையே மறந்துவிடுவாரா?

பதில்: உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. முதலில் இரண்டு மறதிகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். அல்சைமர் நோயில் புதிய செய்தி மூளையில் பதிவதே குறைகிறது. ஆகவே நாம் குறிப்புக் கொடுத்தாலும் நினைவுக்கு வராது. சிறு ரத்தக்குழாய்க் கோளாறால் வரும் மறதியில் பதிவு பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. வேண்டும்போது எடுக்கத்தான் சிரமம். பத்தாயத்தில் நெல் இருந்தும் கதவு திறக்க நேரமாவதைப் போன்றது அது. நேற்று வந்த விருந்தாளியின் பெயர் தெரியவில்லை என்று அவர் சொன்னால், “முருகன் பெயர்களில் ஒன்று” என்று சொல்லிப் பாருங்கள். குறிப்பைக் கேட்டதும் பெயர் வந்துவிட்டால் அது ஓரளவு ஆறுதலான அடையாளம். ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம், எழுபது வயதுக்கு மேல் இரண்டு கோளாறுகளும் ஒரே மூளையில் சேர்ந்திருப்பது அரிதன்று. மூளையின் நடுவில் உள்ள தாலமஸ் என்ற பகுதியில் விழும் சிறிய அடைப்பு, புதியவற்றைப் பதியும் ஆற்றலையே ஒரே நாளில் குலைத்துவிடுவதும் உண்டு.

முதுமறதி நோய் (டிமென்ஷியா), அதாவது அன்றாட வேலைகளைப் பிறர் துணையின்றிச் செய்ய முடியாத அளவுக்கு நினைவும் சிந்தனையும் குறைவது, வருமா என்ற கேள்விக்கு நேர்மையான எண்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் 2002 முதல் 2012 வரை பக்கவாதமோ மினி ஸ்ட்ரோக்கோ வந்த 2,305 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் புதிதாக முதுமறதி நோய் வந்தவர்கள், மினி ஸ்ட்ரோக் வந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர், சிறு பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ 8 பேர், கடுமையான பக்கவாதம் வந்தவர்களில் 34 பேர். அதாவது உங்கள் தந்தையைப் போன்றவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு அந்த ஓராண்டில் அது வரவில்லை. அதற்கும் முன்பு, 2009இல், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: முதல் பக்கவாதத்துக்குப் பின் பத்தில் ஒருவருக்கு முதுமறதி நோய் வருகிறது, பக்கவாதம் மறுபடியும் வந்தவர்களிடம் மூன்றில் ஒருவருக்கு மேல் வருகிறது. முதல் அடைப்பைவிட இரண்டாவதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். இரண்டாவதைத் தடுப்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே மன்னார்குடி வாசகிக்கு எழுதியிருப்பதை நீங்களும் படியுங்கள்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்): எனக்கே பக்கவாதம் வந்தது, இடது கால் சற்று இழுத்தது, இப்போது சரி. ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை. நாளிதழை ஒரு பக்கம் படித்தால் என்ன படித்தேன் என்று தெரிவதில்லை. தொலைக்காட்சியில் யாராவது அழுதால் எனக்கும் அழுகை பீறிட்டு வருகிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். என் புத்தி போய்விட்டதா?

பதில்: ஐயா, இத்தனை தெளிவாகத் தம் நிலையை எழுதத் தெரிந்தவரின் புத்தி எங்கும் போய்விடவில்லை. நீங்கள் சொல்லியிருப்பவற்றில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. மூன்றுக்கும் வழி வேறு வேறு.

துக்கமே இல்லாதபோதும் அழுகை பீறிடுவது, உணர்ச்சி வெளிப்பாட்டை அடக்கிவைக்கும் நரம்புப் பாதை தளர்ந்ததால் வருவது. அதற்கு மாத்திரை இருக்கிறது, நன்றாகவே கேட்கும். அதை மனத்தின் பலவீனம் என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். பேரப்பிள்ளைகளிடமும் இது நோயின் ஒரு பகுதி என்று சொல்லிவிடுங்கள், அவர்களும் பதறமாட்டார்கள்.

எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. மனச்சோர்வு வந்தால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் படித்தது பதியாது, பதியாததை நாம் மறதி என்று எண்ணிக்கொள்கிறோம். காலையில் எழும்போதே நாள் பாரமாகத் தெரிகிறதா, பசியும் உறக்கமும் மாறியிருக்கின்றனவா, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா என்பவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்; 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். சிலருக்குத் துக்கம் சிறிதும் இல்லாமல் ஊக்கம் மட்டும் வற்றிப்போகும். அதை உந்துதல் இழப்பு என்கிறோம். அதற்கு மாத்திரையைவிட நேரம் குறித்துவைத்த அன்றாட வேலைகளே உதவுகின்றன.

மூன்றாவது, மூளைக் களைப்பு. நாளிதழை முழுப் பக்கமாக எடுக்காமல் ஒரு செய்தியை மட்டும் படித்து, மடித்துவைத்துவிட்டு, அதை உங்கள் துணைவியாரிடம் இரண்டு வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீங்கள் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த முறைதான் இது.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகி): வல்லாரை சாப்பிட்டால் நினைவாற்றல் திரும்புமா? ஞாபகசக்தி மாத்திரை என்று எழுதித் தருகிறார்களே, அது தேவையா?

பதில்: வல்லாரையைத் துவையலாகவோ கூட்டாகவோ சாப்பிடுங்கள், நல்ல கீரை. பக்கவாதத்துக்குப் பின் இழந்த நினைவை அது மீட்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஞாபகசக்திக்கென்று எழுதித் தரப்படும் பிராசிட்டாம், சிட்டிகோலின் போன்றவற்றுக்கும் வலுவான சான்று கிடையாது என்பதே என் கருத்து. மாதாமாதம் அதற்குச் செலவழித்துவிட்டு, பிரஷர் மாத்திரையைக் காசில்லை என்று நிறுத்திய குடும்பங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். டோனெபெசில் என்ற மருந்து, முதுமறதி நோய் உறுதியான சிலருக்குச் சிறிதளவு உதவுகிறது. லேசான மந்தத்துக்கு அது வேண்டியதில்லை. ஜின்கோ கலந்த மாத்திரைகளை, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தம் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

கேள்வி (தருமபுரியிலிருந்து ஒரு வாசகர்): பக்கவாதம் வந்துபோன என் தாயாருக்கு ஞாபகச் சோதனை செய்து 30க்கு 17 என்று எழுதி, முதுமறதி நோய் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவர். வீட்டில் பாலுக்கும் மளிகைக்கும் அவர்தான் கணக்கு வைத்திருக்கிறார், ஒரு ரூபாய் தவறுவதில்லை. எதை நம்புவது?

பதில்: பால் கணக்கை நம்புங்கள், அதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். 2005இல் கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில் சியாத் நஸ்ரெடின் என்ற மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட சோதனையாகத்தான் இது இருக்க வேண்டும். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும், கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும், பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரைய வேண்டும், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும், ஐந்து சொற்களைச் சில நிமிடங்கள் கழித்துச் சொல்ல வேண்டும். மொத்தம் பத்து நிமிடங்கள்தான் பிடிக்கும். சிறு பக்கவாதத்தால் வரும் திட்டமிடல் குறைகளைக் கண்டுபிடிப்பதில் பழைய சோதனைகளைவிட இது கூர்மையானது. நானும் இதையே பயன்படுத்துகிறேன்.

ஆனால் பென்சிலையே பல ஆண்டுகளாகத் தொடாத ஒருவரிடம் கனசதுரம் வரையச் சொன்னால் நாம் அளப்பது மூளையையா, பள்ளிக்கூடத்தையா? 26 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு என்று அந்தச் சோதனை சொல்கிறது. பன்னிரண்டு ஆண்டும் அதற்குக் குறைவாகவும் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு ஒரு மதிப்பெண் எப்படிப் போதும்? குறைவாகப் படித்தவர்களுக்கென்று அதே குழுவினர் எளிய வடிவம் ஒன்றையும் உருவாக்கியிருக்கிறார்கள், அதைக் கேளுங்கள். மேலும், முதுமறதி நோய் என்ற முடிவுக்கு மதிப்பெண் மட்டும் போதாது. முன்பு தானாகச் செய்துவந்த அன்றாட வேலைகளை இப்போது பிறர் துணையின்றிச் செய்ய முடியவில்லை என்பதும் நிறுவப்பட வேண்டும். சோதனையின்போது காது சரியாகக் கேட்டதா, கண்ணாடி அணிந்திருந்தாரா, பக்கவாதம் வந்த முதல் வாரத்திலேயே சோதித்தார்களா என்பவற்றையும் சரிபாருங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை செய்து, முன்பைவிடக் குறைந்திருக்கிறதா என்று அவரை அவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயமானது.

கேள்வி (மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி): என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மாத்திரை போட்டோமா இல்லையா என்று மறந்துவிடுகிறார். சில நாள் இருமுறை போட்டுவிடுகிறார். கேட்டால், “எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை” என்கிறார்.

பதில்: அம்மா, இந்த இதழில் வந்த கேள்விகளிலேயே முக்கியமானதாக நான் கருதுவது உங்களுடையதைத்தான். மறதி மாத்திரையைத் தவறவிடச் செய்கிறது, தவறிய மாத்திரை அடுத்த அடைப்புக்கு இடம் தருகிறது, அடுத்த அடைப்பு மறதியைக் கூட்டுகிறது. இந்தச் சுழலை உடைக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அவரால் தனியாக முடியாது.

ரத்தம் கட்டாமல் இருக்க முதல் மூன்று வாரங்களுக்கு இரண்டு மருந்துகள் கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றை நிறுத்துவது பலருக்கு வழக்கம். அதைத் தவறாகப் புரிந்துகொண்டு இரண்டையும் நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். எது தொடர வேண்டும் என்று சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். நாடித்துடிப்பு ஒழுங்கற்றிருப்பவர்களுக்கு வேறு வகை மருந்து வேண்டும் என்பதால் இசிஜியும் முக்கியம். ரத்த அழுத்தம் பெரும்பாலானோருக்கு 130/80க்குக் கீழே இருக்க வேண்டும், கெட்ட கொழுப்பு பொதுவாக 70க்குக் கீழே இருக்க வேண்டும். கொழுப்பு மாத்திரை மறதியை உண்டாக்கும் என்று யாரேனும் சொன்னால் நிறுத்திவிடாதீர்கள்; பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம்.

கிழமை வாரியாக அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஞாயிறு இரவு நீங்கள் நிரப்பிவையுங்கள். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று பொருள், கேள்விக்கும் சண்டைக்கும் இடமில்லை. மாத்திரை போட்டதும் அவர் கையாலேயே தினசரி நாட்காட்டித் தாளில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். காலைக் காப்பி, இரவுச் சாப்பாடு என்று ஏற்கெனவே மாறாமல் நடக்கும் ஒன்றோடு மாத்திரையைச் சேர்த்துவைத்தால் பழக்கம் பற்றிக்கொள்ளும். மருத்துவரிடம் ஒரே வேளை மாத்திரைகளாக மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். 2021 முதல் நம் மாநிலத்தில் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

இன்னும் எதற்கு மாத்திரை என்று கேட்பவரிடம் நோயைக் காட்டிப் பயமுறுத்துவதில் பலன் குறைவு. வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, வாரம் இருமுறை அவரையே பார்த்து எழுதச் சொல்லுங்கள். மாத்திரை தவறிய வாரத்தில் எண் ஏறியிருப்பதை அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்): எனக்குச் சிறு பக்கவாதம் வந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. ஸ்கூட்டர் ஓட்டலாமா? வங்கி வேலைகளை நானே பார்க்கலாமா?

பதில்: பிரிட்டனில் கார் ஓட்டுபவர்கள்கூடப் பக்கவாதத்துக்குப் பின் குறைந்தது ஒரு மாதம் ஓட்டக் கூடாது என்பது விதி. நம் சாலைகளில் இரு சக்கர வண்டிக்கு அதைவிடக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கை வலிமை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பக்கவாட்டிலிருந்து வரும் வண்டி கண்ணில் படுகிறதா, சட்டென்று பிரேக் பிடிக்க முடிகிறதா என்பதை மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகு, கூட்டமில்லாத தெருவில், பகலில், பின்னால் ஒருவரை உட்காரவைக்காமல் தொடங்குங்கள்.

வங்கி வேலைகளை நீங்களே பாருங்கள். ஆனால் போனில் யார் அவசரப்படுத்தினாலும், “மாலையில் கூப்பிடுங்கள்” என்று சொல்லி வைத்துவிடும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்; சிந்தனை சற்று மெதுவாக இருக்கும் காலத்தில் ஓடிபி கேட்டு ஏமாற்றுபவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம். நிலப் பத்திரம், ஜாமீன் கையெழுத்து போன்றவற்றை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். தள்ள முடியாவிட்டால், ஓர் இரவு கழித்து மறுநாள் காலையில் மீண்டும் படித்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கையெழுத்திடுங்கள்.